அரசியல் தெரியாது என்று சொல்லிப் பழகிய வாய்

எங்கள் ஊரில் பிள்ளை பேசத் தொடங்கிய கையோடு ஒரு வசனம் சொல்லிக் கொடுப்பார்கள். "எங்களுக்கு அரசியல் ஒண்டும் தெரியாது." யார் வந்து என்ன கேட்டாலும் இதுதான் பதில். ஆமி கேட்டாலும் இது, இயக்கம் கேட்டாலும் இது, வோட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் இது. நானும் என் மகளுக்கு அதைத்தான் பழக்கினேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு மறுபடி பஸ்ஸில் ஏறுகிற வாழ்க்கை எங்களுடையது. அதைப் பணிவாகச் சொல்லத் தெரிந்தவர்களில் பலர் வீடு வந்து சேர்ந்தார்கள்.

பிறகு மொன்றியலுக்கு வந்தேன். உனக்கு அரசியல் கருத்து இருந்தால்தான் இங்கே வைத்திருப்போம், இல்லையென்றால் திரும்பப் போக வேண்டியதுதான் என்று இங்கே விளங்கப்படுத்தினார்கள். எதை மறைத்தால் உயிர் தப்பலாம் என்று வாழ்நாள் முழுவதும் பழகினேனோ, அதை எடுத்து மேசையில் வைத்தால்தான் இனி உயிர் தப்பலாமாம். இந்த உலகத்தை நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்க வேண்டும்.

நானும் மகளும் விசிட் விசாவில் வந்து இங்கே அகதி அந்தஸ்துக் கேட்டவர்கள். எங்களைக் கூப்பிட்டவர் என் மச்சாள், என் கணவரின் மூத்த சகோதரி. மொன்றியலில் எங்கள் சனம் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் அவருக்கு இரண்டு அறை வீடு. மச்சாள் வந்து முப்பது வருசத்துக்கு மேல். அவருடைய அகதி விசாரணையின் கதையை வருகிற விருந்தாளிகள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்.

"நான் வாய் திறக்க முதலே அழுதிட்டன். அவங்கள் தண்ணி தந்து, சரி போங்கோ எண்டு விட்டிட்டாங்கள். நீயும் அழு, அது காணும்" என்றார்.

எனக்கு அழுகை அப்படி நினைத்தவுடன் வராது. வர வேண்டிய காலத்தில் வந்து முடிந்துவிட்டது.

என் கணவர் வன்னியில் நிவாரணக் களஞ்சியத்துக்கு லொறி ஓட்டியவர். அரிசி, மா, சீனி ஏற்றி இறக்குவது வேலை. அந்தக் காலத்தில் அங்கே இயக்கத்தின் நிர்வாகத்தோடு ஒட்டாமல் யாரும் சம்பளம் எடுக்க முடியாது. போர் முடிகிற கட்டத்தில் சனத்தோடு சனமாக ஆமிப் பக்கம் வந்து சேர்ந்தோம். இயக்கத்தோடு ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். லொறி ஓடினது ஒரு குற்றமோ என்று கேட்டுக்கொண்டு அவர் தானாக எழுந்து போனார். அவர் அப்படித்தான், யாராவது மரியாதையாகச் சொன்னால் நம்பிவிடுவார். கைக்குழந்தையோடு நான் பார்த்துக்கொண்டு நிற்க அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கே என்று ஒரு அதிகாரியும் வாய் திறக்கவில்லை.

முகாம், பொலிஸ், அரசாங்கக் கச்சேரி, ஆணைக்குழு என்று அலையாத இடமில்லை. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எழுதுவதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசியில் எங்களைப் போன்ற பெண்கள் கொஞ்சப் பேர் தெருவோரத்தில் ஒரு கொட்டகை போட்டு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போய் இருந்தேன், மைக்கில் பேசவும் செய்தேன். ஆணைக்குழுவின் கதிரையைவிடத் தெருப் புழுதி மரியாதையாக இருந்தது. அப்போதுதான் அரசாங்கத்தில் இருந்து ஒரு யோசனை வந்தது. இறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் காசும் தருகிறோம், இதோடு முடிந்துவிடும். நாங்கள் எடுக்கவில்லை. உயிரோடு கையில் கொடுத்த மனிதனுக்கு என்னத்துக்கு இறப்புச் சான்றிதழ்?

அதன் பிறகுதான் வீட்டுக்கு இரண்டு பேர் வரத் தொடங்கினார்கள். சிவில் உடுப்பு, மோட்டார் சைக்கிள், நல்ல மரியாதை. அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கொட்டகைக்குச் சாப்பாடு யார் தருவது, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள், மைக்கில் பேசச் சொல்லிக் கொடுப்பது யார் என்று கேட்பார்கள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். கடைசியாக வந்தபோது அவர்களில் ஒருவன் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, மகள் பெரிய பிள்ளை ஆகிவிட்டாள், எந்த டியூசனுக்குப் போகிறாள், தனியாகவா வருகிறாள் என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

இதுதான் என் கேஸ். எங்கள் சனம் இங்கே எல்லாவற்றையும் கேஸ் என்ற ஒரு சொல்லுக்குள் மடித்து வைத்திருக்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் கேஸ் பற்றி ஆலோசனை சொல்லத் தெரியாத தமிழர் கிடையாது. கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால், பக்கத்தில் வெண்டிக்காய் முறித்துப் பார்க்கிற அண்ணை கேட்காமலே சொல்வார்.

"தங்கச்சி, மனுசன் செத்திட்டார் எண்டு குடுங்கோ. இருக்கிறாரோ இல்லையோ எண்டு இழுத்தால் அவங்களுக்கு விளங்காது."

மச்சாளும் அதைத்தான் சொன்னார். சொந்தத் தம்பி. "செத்திட்டான் எண்டால்தான் கேஸ் ஸ்ட்ரோங். பிள்ளையின்ர முகத்தைப் பாத்து யோசி."

பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் யோசித்தேன். கேஸ் பிழைத்தால் அவளைக் கூட்டிக்கொண்டு அந்தப் படலைக்குத்தான் திரும்ப வேண்டும். அந்தச் சிரிப்புக்குத்தான் திரும்ப வேண்டும். ஆனால் அவளைக் காப்பாற்ற அவளுடைய தகப்பனை என் கையாலேயே சாகடிக்க என்னால் முடியாது. அவளும் தப்பி, அவரைச் சாகடிக்காமலும் இருக்க முடிந்தால்தான் எனக்கு இந்த நாடு வேண்டும் என்று மச்சாளுக்குச் சொல்லிவிட்டேன். எனக்குத் தலைக்கனம் என்று மச்சாள் நகரின் அடுத்த பக்கம், கோட்-டெ-நெய்ஜில் இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் போன் எடுத்துச் சொன்னார்.

வழக்கறிஞரின் அலுவலகமும் கோட்-டெ-நெய்ஜில்தான், ஒரு மருந்துக்கடைக்கு மேலே. அவர் ஒரு கியூபெக் பெண்மணி, பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுவார். அவரிடம் வேலை செய்த உதவியாளர் தமிழ்நாட்டுப் பெண். அந்தப் பெண்தான் எனக்குச் சட்டத்தைத் தமிழில் பிரித்துச் சொன்னாள்.

"அக்கா, மொத்தம் அஞ்சு காரணம் இருக்கு. இனம், மதம், தேசம், ஏதாவது ஒரு சமூகக் குழு, அரசியல் கருத்து. இதுல ஒண்ணுக்காகத்தான் உங்களுக்கு ஆபத்துன்னு காட்டணும். உங்களுக்கு முக்கியமா அரசியல் கருத்துன்னு போடப்போறோம்."

"எனக்கு அரசியல் இல்லைத் தங்கச்சி. நான் என்ர மனுசனைத்தான் கேட்டனான்."

"அதைத்தான் அரசியல்னு சொல்றாங்க அக்கா."

"ஆர் சொல்லினம்?"

"உங்க கவர்ன்மென்ட்."

வழக்கறிஞர் இன்னும் விளக்கமாகச் சொன்னார். நான் உண்மையில் என்ன நினைக்கிறேன் என்பது மட்டும் கணக்கில்லையாம். நான் என்ன நினைக்கிறேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதும் கணக்காம். எனக்கு ஒரு கருத்துமே இல்லாவிட்டாலும், அவர்கள் ஒரு கருத்தை என் தலையில் ஏற்றிவிட்டு அதற்காக என்னை வதைத்தால் அதுவும் செல்லுமாம். கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவரை எடுத்தார்கள், என் நிம்மதியை எடுத்தார்கள், கடைசியில் என் தலைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் அதிகாரமும் அவர்களுக்கே. ஆனாலும் தலையாட்டினேன். உதவியாளர் பெண் எனக்குப் பாடமே நடத்தினாள். அரசியல் கருத்து என்ன என்று கேட்டால், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு நீதி வேண்டும், இராணுவம் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்து என்று சொல்ல வேண்டும். மெட்ரோவில் வரும்போதும் போகும்போதும் அதைச் சொல்லிப் பார்த்தேன்.

விசாரணை நேரில் இல்லை, கணினியில். வழக்கறிஞரின் அறையில் நானும் அவரும் ஒரு திரைக்கு முன்னால் இருந்தோம். மகளும் மச்சாளும் வெளியே கதிரையில். திரையில் கேஸை முடிவெடுக்கிற அகதிச் சபை உறுப்பினர், நரைத்த தலை, கழுத்துப்பட்டி, பின்னால் வெறும் சுவர். இன்னொரு பெட்டிக்குள் மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக் குரல். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது பொட்டைச் சின்னதாக வைக்கச் சொல்லி மச்சாள் கெஞ்சினார். நான் எப்போதும் வைக்கிற அளவில்தான் வைத்துக்கொண்டு போனேன்.

உறுப்பினர் நல்லவராகத்தான் தெரிந்தார். பெயர், ஊர், பயணம் எல்லாம் கேட்டுவிட்டு, குரலைக்கூட மாற்றாமல் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"உங்கட அரசியல் கருத்து என்ன எண்டு கேக்கிறார்."

ஒரு பெரிய மனிதர், அதிகாரி, கழுத்துப்பட்டியோடு கேட்கிறார். என் வாய் திறந்தது. உள்ளே நான் படித்த பாடம் எங்கே போனதோ தெரியவில்லை.

"எனக்கு அரசியல் ஒண்டும் தெரியாது, சேர்."

பக்கத்தில் வழக்கறிஞரின் பேனை அப்படியே நின்றது. மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று நினைத்தாரோ என்னவோ, உறுப்பினர் அதே கேள்வியை மெதுவாகத் திரும்பக் கேட்டார். அவர் திரும்பக் கேட்டதும் எனக்கு இன்னும் பயம் வந்துவிட்டது. இரண்டாம் முறை கேட்கிறார்கள் என்றால் சந்தேகப்படுகிறார்கள் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

"சத்தியமா சேர். நாங்கள் அரசியலுக்குப் போறேல்லை. என்ர குடும்பத்திலையும் ஒருத்தருக்கும் அரசியல் இல்லை."

இன்னும் பணிவாகச் சொன்னேன். கைகள்கூட மடியில் தாமாகச் சேர்ந்துகொண்டன. உறுப்பினர் எதையோ எழுதினார். அரசியல் கருத்துக்காகப் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறீர்களே என்று கேட்டார். நான் வழக்கறிஞரைப் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்த இரண்டு பேரைப் பற்றிக் கேட்டார். என் எழுத்து வாக்குமூலத்தில் தேத்தண்ணி கொடுத்ததும் இருந்தது. நான்தான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தேன்.

"பயம் எண்டு சொல்லுறீங்கள். பயப்படுற ஆக்களுக்கு ஏன் தேநீர் குடுத்தீங்கள் எண்டு கேக்கிறார்."

"பயத்திலதான் சேர் குடுத்தனான். குடுக்காட்டி என்ன செய்வாங்களோ எண்டு."

"ஒவ்வொரு முறையுமோ எண்டு கேக்கிறார்."

"ஓம். ஒவ்வொரு முறையும்."

அவருக்கு அது ஏறவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பயந்தவர் கதவைப் பூட்டுவார், ஓடுவார், பொலிசுக்குச் சொல்வார் என்று அவருடைய ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் ஊரில் வந்தவனே பொலிஸ். அவனுக்குச் சீனி போதுமா என்று கேட்பதுதான் பயம்.

இடைவேளை விட்டார்கள். வழக்கறிஞர் தண்ணீர் எடுத்துத் தந்தார், அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் சுட்டது. உதவியாளர் பெண், "அக்கா, நாம எத்தனை தடவை பேசினோம்" என்று மட்டும் சொன்னாள். மச்சாள் வெளியே விசயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு மொழி வந்துவிட்டது. நான் அவளைக் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

திரும்பிப் போய் இருந்ததும் உறுப்பினர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

"போர் முடிஞ்சு இவ்வளவு வருசம். உங்கட கணவர் இறந்திருக்கக்கூடும் எண்டு நீங்கள் நினைக்கேல்லையோ, அரசாங்கம் சான்றிதழ் தர வந்தபோது ஏன் வாங்கேல்லை எண்டு கேக்கிறார்."

அவர் அதைக் குத்திக் கேட்கவில்லை. அவருக்கு அது இன்னொரு கேள்வி. எனக்கு என்ன நடந்தது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மடியில் சேர்ந்திருந்த கைகள் பிரிந்துவிட்டன.

"ஏன் வாங்க வேணும்? நான் அவரைச் செத்தவராக் குடுத்தனானோ? நடந்து போன மனுசன். பஸ்ஸில ஏத்தினதை என்ர கண்ணால கண்டனான். ஏத்தினவைக்குத் தெரியும் எங்க இறக்கினது எண்டு. அதைச் சொல்லட்டும். கொன்றால் கொன்றது எண்டு சொல்லட்டும், ஆர் கொன்றது எண்டு சொல்லட்டும், எங்க தாட்டது எண்டு காட்டட்டும். அதுக்குப் பிறகு நான் சான்றிதழ் வாங்குறன். அது வரைக்கும் அந்தத் தாளில நான் கையெழுத்து வைச்சால், கொன்றவனுக்கு நானே மன்னிப்புக் குடுத்த மாதிரி."

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. எங்களை ஆண்ட ஒருத்தரையும் விடவில்லை, பேசிக்கொண்டே போனேன். மொழிபெயர்ப்பாளர் தட்டுத் தடுமாறிப் பின்னால் வந்தார். முடிந்ததும் உறுப்பினர் சிறிது நேரம் எழுதினார்.

"இதை இலங்கையில வெளிப்படையாச் சொன்னனீங்களோ எண்டு கேக்கிறார்."

"மைக்கில சொன்னனான். ரோட்டில வைச்சு. படமும் எடுத்தவங்கள்."

"அப்ப உங்களுக்கு அரசியல் கருத்து இல்லை எண்டு ஏன் முதல் சொன்னீங்கள்?"

"இது அரசியல் இல்லை சேர். நடந்தது."

முடிவை அன்றைக்கே சொன்னார். விண்ணப்பதாரி தனக்கு அரசியல் இல்லை என்று சொன்னாலும், காணாமல் ஆக்கப்பட்ட கணவரை இறந்தவராக ஏற்க மறுத்து, அதைப் பொது இடத்தில் பேசியது அரசியல் கருத்துத்தான். அந்த நாட்டு அதிகாரிகளும் அதை அப்படித்தான் பார்க்கிறார்கள். திரும்பிப் போனால் ஆபத்து. ஏற்றுக்கொள்கிறேன். மகளுக்கும் சேர்த்து.

வழக்கறிஞர் என் தோளைப் பிடித்தார். வெளியே மச்சாள் எனக்கும் சேர்த்து அழுதார். மகள் சிரித்தாள், அந்தச் சிரிப்புக்காக எதையும் பொறுக்கலாம். ஆனாலும் எனக்குள் ஒன்று எரிந்தபடியே இருந்தது. என் ஆத்திரத்தை ஒரு பரீட்சைத் தாள் போலத் திருத்தி, போதுமான அளவு இருக்கிறது என்று பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆத்திரம் வராதவர்கள், வார்த்தை வராதவர்கள், அந்த நேரத்தில் வாயடைத்துப் போகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் கொட்டகையில் என் பக்கத்தில் இருந்த பெண் ஒரு நாளும் மைக்கைத் தொட்டதில்லை. அவளுடைய மகனும் வரவில்லைத்தான்.

பிறகு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மகள் குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள். மச்சாள் அடுப்படியில் மரக்கறி வெட்டிக்கொண்டு நின்றார். திருமண நிலை என்ன என்று வந்தது.

"விதவை எண்டு போடு பிள்ளை. கெதியா முடியும்" என்றார் மச்சாள்.

"திருமணமானவர் எண்டு போடு" என்றேன் நான்.

மச்சாள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார். "இனியும் என்னத்துக்கு? கேஸ்தான் வெண்டாச்சே. நான் அவனுக்கு இங்க கோயில்ல வருசா வருசம் திவசம் குடுக்கிறன். ஆத்மாவாவது அலையாமல் இருக்கட்டும்."

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. ஒரு சந்தேகம்தான் வந்தது. திவசம் என்றால் இறந்த திதி தெரிய வேண்டும்.

"எந்தத் திதியில குடுக்கிறியள்?"

மச்சாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீதானே சொன்னனீ. அவனை பஸ்ஸில ஏத்தினதைக் கண்டனான் எண்டு. அந்த நாளின்ர திதியில."

நான் ஊர் ஊராகப் போய், ஆணைக்குழு ஆணைக்குழுவாகப் போய், அவர் உயிரோடு இருந்தார் என்பதற்குச் சாட்சியாகச் சொன்ன நாள் அது. மொன்றியலில் அந்த நாளைக்கு வருசா வருசம் பிண்டம் வைத்திருக்கிறார்கள். மச்சாளை வெறுக்க முடியவில்லை. அவரும் தம்பியைத் தொலைத்தவர், துக்கத்தை எங்கேயாவது இறக்கி வைக்க அவருக்கும் ஒரு நாள் வேண்டும். ஆனாலும் அந்தக் கிழமை முழுவதும் என்னால் அவருடைய சமையலைச் சாப்பிட முடியவில்லை.

மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, திருமணமானவர் என்றே போட்டாள். உடனே அடுத்த கேள்வி வந்தது.

"அம்மா, அப்பான்ர அட்ரஸ் கேக்குது. வெறுமையா விட்டால் அங்கால போகுதில்லை."

"இலங்கை இராணுவம் எண்டு போடு."

அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. பிரெஞ்சில் இருந்தது, மகள்தான் வாசித்துச் சொன்னாள். விண்ணப்பம் முழுமையாக இல்லை. கணவர் இப்போது வசிக்கும் முகவரியைத் தரவும், அல்லது அவருடைய இறப்புச் சான்றிதழின் பிரதியை அனுப்பவும்.

அதே தாள். அதை வாங்க மறுத்ததற்காகத்தான் இந்த நாடு என்னை உள்ளே எடுத்தது. அதே நாட்டின் இன்னொரு மேசை இப்போது அதைக் கொண்டுவரச் சொல்கிறது.

"அதே அட்ரஸைத் திருப்பி அனுப்பு" என்றேன்.

மகள் கணினியைத் திறந்தாள். கடிதத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, அப்பா இருக்கிறார் எண்டு நீங்கள் உண்மையா நம்புறீங்களோ?"

அந்தக் கேள்வியை உறுப்பினர் கேட்டபோது எனக்கு வார்த்தை வந்தது. தகப்பனின் முகம் ஞாபகம் இல்லாத பிள்ளை கேட்டபோது வரவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, இலங்கை இராணுவம் என்று மறுபடியும் தட்டி அனுப்பினாள்.